கரட்டூரிலிருந்து பூ வராத காலை

பிள்ளைகளா, எல்லாரும் கையில போனை வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கீங்க. வச்சுக்கோங்க. உள்ள போடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். கிராம சுகாதார செவிலியரா வேலைக்குச் சேந்த புதுசுல, ரிட்டயர் ஆன ஒருத்தி வந்து நின்னு, 'எங்க காலத்துல போன் இருந்துச்சா, நெட்டு இருந்துச்சா, நாங்க வேலை பாக்கலையா'ன்னு பேசினா எரிச்சலா வரும். எனக்கே வரும். போன் இருந்ததால பொழச்ச தாயும் பிள்ளையும் எத்தனையோ பேரு. அதை நான் குறை சொன்னா என் நாக்கு அழுகிப் போகும்.

நான் சொல்ல வந்தது வேற. ஒரு நாள் எங்க வீட்ல போனும் போச்சு, நெட்டும் போச்சு. அன்னைக்குப் பாத்து ஒரு பொண்ணோட உசுரும் அவ வயித்துப் பிள்ளை உசுரும் ஊசலாடிக்கிட்டு இருந்துச்சு. ஊசி, மருந்து, பிரஷர் மெஷின் சமாச்சாரமெல்லாம் உங்களுக்குப் பாடத்துல சொல்லிக் குடுத்திருப்பாங்க. அதை நான் தொடப் போறதில்ல. பாடத்துல இல்லாததை மட்டும் சொல்றேன், கேளுங்க.

வத்தலக்குண்டுல இருந்து திண்டுக்கல் போற ரோட்டோரத்துல ஒரு ஊர்ல எங்க வீடு. மெயின் ரோட்ல இருந்து மேற்கால ஒத்த ரோடு ஒண்ணு பிரிஞ்சு உள்ள போகும். அந்த ரோடு முடியிற இடம் கரட்டூர். கிழக்கால ஒரு ரோடு பிரியும், அதுல குளத்துப்பட்டி. ரெண்டும் என் பொறுப்புல இருந்த ஊருங்க. ரெண்டு ஊர்லயும் மாசம் நெருங்கின கர்ப்பிணி ஊருக்கொருத்தி இருந்தா.

குளத்துப்பட்டிக்காரி பேரு பார்வதி. எந்நேரமும் போன்தான். "சிஸ்டர், விக்கல் வருது, பிள்ளைக்கு ஏதாச்சும் ஆகுமா?" "சிஸ்டர், தெரியாம பலாப்பழம் தின்னுட்டேன்." "சிஸ்டர், இன்னைக்கு வலது பக்கமாவே உதைக்குது, பையனா இருக்குமோ?" நான் குளிக்கப் போயிருந்தா எங்க வீட்டுக்காரரு எடுத்து, "அவ குளிக்கிறா தாயி. விக்கலா, பலாப்பழமா? சொல்லு, வந்ததும் சொல்லிடுறேன்"ம்பாரு. அம்புட்டுப் பழக்கம்.

கரட்டூர்க்காரி முத்துலட்சுமி இதுக்கு நேர் எதிர். நாமளா கேட்டாத்தான் வாயத் திறப்பா. திறந்தாலும் "நல்லாருக்கேன்க்கா", அதோட சரி. புருஷன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருந்தான். வீட்ல இவளும் மாமியா பேச்சியம்மாவும் மட்டும்தான். கொஞ்சம் மல்லிகைத் தோட்டம் வச்சிருந்தாங்க. கடைசியா நான் பாத்தப்ப முத்துலட்சுமிக்குப் பிரஷர் லேசா ஏறியிருந்துச்சு, காலும் வீங்கியிருந்துச்சு. டாக்டர்ட்ட காட்டி மாத்திரை வாங்கிக் குடுத்தேன். தலைவலி வந்தாலோ கண்ணு மங்கினாலோ அந்த நிமிசமே எனக்குப் போன் பண்ணணும்னு மாமியா மருமக ரெண்டு பேர்ட்டயும் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன்.

ஒரு சாயங்காலம் காத்தும் மழையும் பிடிச்சுச்சு பாருங்க, ஆத்தாடி! முதல்ல கரண்ட் போச்சு. எங்க தெரு வேப்பமரத்துல ஒரு கிளை முறிஞ்சு நெட்டு வயரையும் சேத்து இழுத்துக்கிட்டு விழுந்துச்சு. செத்த நேரத்துல டவரும் போயிருச்சு. நான் விவரமா ரெண்டு சிம்மு போட்டு வச்சிருந்தேன், ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு எடுக்கும்னு. ரெண்டும், மாமியாரும் நாத்தனாரும் ஒண்ணு சேந்து கோவிச்சுக்கிட்ட மாதிரி, ஒரே நேரத்துல போச்சு.

எங்க வீட்டுக்காரருக்குக் கிரிக்கெட் பாதியில நின்னு போச்சேன்னு கவலை. மழை விட்டதும் மொட்டை மாடியில ஏறி போனைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடக்கிறாரு. பக்கத்து மாடியில இன்னொருத்தரு அதே மாதிரி. கீழ தெருவுல நாலு பேரு. சாமி ஊர்வலம் வாரப்போ கையத் தூக்கிக் கும்பிடுற மாதிரி தெருவே நிக்குது. நான் மட்டும் என்ன, சிரிச்சுக்கிட்டே போய் நானும் தூக்கிப் பிடிச்சுப் பாத்தவதான்.

விடிஞ்சும் ஒண்ணும் வரல. டிபார்ட்மென்ட்ல குடுத்த டேப்லெட்டும் நெட்டு இல்லாம வெறும் சிலேட்டா கெடந்துச்சு. வீட்டுக்காரரு காபி போட்டுக் கொண்டாந்து வச்சாரு. "இன்னைக்காச்சும் ஒரு போனும் இல்ல பாரு. நிம்மதியா உக்காந்து குடி"ன்னாரு.

நல்ல மனுசன், நல்லதாத்தான் சொன்னாரு. ஆனா அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் காபியில கை போகல.

ஏன்னு சொல்றேன். நம்ம வேலையில போன் அடிக்கலைன்னா எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். அப்படித்தானே பழகி வச்சிருக்கோம்? அடிச்சா ஓடுவோம், அடிக்கலைன்னா உக்காந்து சோறு திம்போம். ஆனா அன்னைக்கு போன் அடிக்காம இருந்ததுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. நல்லா இருக்காங்கன்னும் இல்ல, இல்லைன்னும் இல்ல. அதைவிட வில்லங்கம் இன்னொண்ணு இருக்கு. 'ஏதாச்சும் ஒண்ணுன்னா எனக்குப் போன் பண்ணு'ன்னு ஊர் ஊரா போய்ச் சொல்லி வச்சிருக்கோம்ல? சொன்ன சொல் தட்டாத சனம் என்ன செய்யும்? போன் வரட்டும்னு காத்துக் கெடக்கும். தலைவலியோட காத்துக் கெடக்கும்.

காபிய அப்படியே வச்சுட்டு எந்திரிச்சேன்.

எந்திரிச்சாச்சு, எந்தப் பக்கம் போறது? மேற்கயா, கிழக்கயா? தேதிப்படி பாத்தா பார்வதிக்குத்தான் நாள் நெருங்கி நிக்குது. ஆனா எனக்கு அந்நேரம் வேற ஒண்ணு ஞாபகத்துக்கு வந்துச்சு. வேலைக்குச் சேந்த புதுசுல பிரசவ வார்டுல ஒரு சீனியர் அக்கா இருந்தாங்க, பொல்லாத கோவக்காரி. ஒரு நாள் ஒரே நேரத்துல நாலஞ்சு பச்சப்பிள்ளைங்க. ஒண்ணு வீறிட்டு அழுதுச்சு, நான் அதைத் தூக்க ஓடினேன். அந்தக்கா என் தோளைப் பிடிச்சு நிறுத்தி, "அழுகுற பிள்ளைக்கு மூச்சு நல்லா இருக்குடி. சத்தம் காட்டாத பிள்ளையப் போய் முதல்ல தொட்டுப் பாரு"ன்னாங்க.

பார்வதி அழுகுற பிள்ளை. போன் இல்லைன்னா பனைமரத்துல ஏறி நின்னாவது என்னைக் கூப்பிட்டிருவா. முத்துலட்சுமி வீடே பத்தி எரிஞ்சாலும் "நல்லாருக்கேன்க்கா"ன்னுதான் சொல்லுவா. பையைத் தோள்ல மாட்டி வண்டிச் சாவிய எடுத்தேன்.

"எங்க கிளம்பிட்ட? யாரும் கூப்பிடலையே?"ன்னாரு வீட்டுக்காரரு.

"அதான் கிளம்புறேன். நீங்களும் மாடியில நடந்தது போதும், உங்க வண்டிய எடுங்க. குளத்துப்பட்டிக்குப் போய் பார்வதியப் பாருங்க. லேசா வலின்னு சொன்னாலும் யாருக்கும் காத்திருக்காம பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லுங்க"ன்னேன். மனுசன் ஒரு கேள்வி கேக்கணுமே. செருப்பை மாட்டிக்கிட்டு எனக்கு முன்னாடி கிளம்பிட்டாரு.

நான் மெயின் ரோட்டுக்கு வந்ததும், எதிர்த்தாப்புல சிக்கந்தர் பாயோட பூ வண்டி வந்துச்சு. பாய் திண்டுக்கல் டவுன்காரரு. விடியக் கருக்கல்லயே சின்ன லோடு வண்டிய எடுத்துக்கிட்டு ஊர் ஊரா போவாரு. தோட்டக்காரங்க மல்லிகையப் பறிச்சு, பையில கட்டி, பேரு போட்டு ரோட்டோரம் கொண்டாந்து வச்சிருவாங்க. இவரு ஏத்திக்கிட்டுப் போய் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுல அவங்கவங்க கமிஷன் கடையில சேத்திருவாரு. கரட்டூருக்குள்ள தினம் முதல்ல போயிட்டு வாரவரு அவருதான். கையக் காட்டி நிறுத்தினேன்.

"பாய், கரட்டூர் போயிட்டா வாரீங்க?"

"ஆமாக்கா. பூராம் நனைஞ்ச பூவுதான். ஆனாலும் விடுவாங்களா? இன்னைக்குப் போடாட்டி நாளைக்குக் குப்பைதானே. எல்லாரும் கொண்டாந்து வச்சுட்டாங்க."

"பேச்சியம்மா வீட்டுப் பை வந்துச்சா?"

பாய் தாடியத் தடவினாரு. "அட, அது ஒண்ணுதான் வரல. செத்த நேரம் நின்னு ஹாரன்கூட அடிச்சேன், ஆளைக் காணோம். மழைன்னு பறிக்காம விட்டுட்டாங்களோ என்னமோ."

பேச்சியம்மாளை எனக்குத் தெரியும். புருஷனோட காரியம் முடிஞ்ச மறுநாளே தோட்டத்துல நின்ன மனுசி. மழைக்கும் இடிக்கும் பயந்து பூவைச் செடியில விடுற ஆளே இல்ல. கருக்கல்ல கூடையோட தோட்டத்துல நிக்க வேண்டியவ இன்னைக்கு வாசல் தாண்டலைன்னா, வீட்டுக்குள்ள விட்டுட்டு வர முடியாத ஏதோ ஒண்ணு இருக்கு.

இப்பதான் நீங்க காதைத் தீட்டி வச்சுக்கணும். சாதாரண நாளுன்னா நாம என்ன செய்வோம்? போவோம், பாப்போம், தேவைப்பட்டா ஆம்புலன்ஸைக் கூப்பிடுவோம். அன்னைக்கு அந்த வரிசை ஆகாது. நான் போய்ப் பாத்து, அப்புறம் ஆள் தேடி, அந்த ஆளு டவர் எடுக்கிற இடத்துக்குப் போய்ச் சொல்லி, அதுக்கு மேல வண்டி வரணும். அதுக்குள்ள பிரசவ ஜன்னி வந்து வெட்டி இழுத்துச்சுன்னா யாரு பதில் சொல்றது? பாக்கிறதுக்கு முன்னாடியே ஆம்புலன்ஸுக்குச் சொல்லி விட்டிரணும்.

சரி, சொல்லி விட்டுட்டுப் போய்ப் பாத்தா முத்துலட்சுமி சம்மணம் போட்டு இட்லி தின்னுக்கிட்டு இருந்தான்னு வைங்க. 'பூ வரலைன்னு ஆம்புலன்ஸ் கூப்பிட்ட நர்ஸம்மா'ன்னு ஜில்லாவே சிரிக்கும். மீட்டிங்ல நிக்க வச்சுக் கேப்பாங்க. கேக்கட்டும். ஊரு சிரிக்க அவ இட்லி தின்னா எனக்கென்ன கொறச்சல்? ஒரு வாய் எனக்கும் குடுடின்னு வாங்கித் தின்னுட்டு வருவேன்.

"பாய், திண்டுக்கல்ல போன் எடுக்குதா?"ன்னேன்.

"காலையில வீட்ல நல்லா எடுத்துச்சேக்கா. இந்தப் பக்கம்தான் செத்துக் கெடக்கு. செம்பட்டி தாண்டினா வந்துரும்."

"அப்ப செம்பட்டி தாண்டினதும் வண்டிய ஓரங்கட்டி ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க. கரட்டூர்ல மாசமான பொண்ணு, பிரஷர் ஏறிப் போச்சு, நர்ஸ் கூடவே இருக்காங்கன்னு சொல்லுங்க."

"நீங்க இங்கல்ல நிக்கிறீங்க?"

"நீங்க செம்பட்டி போறதுக்குள்ள நான் அங்க இருப்பேன். எங்க, திருப்பிச் சொல்லுங்க பாப்போம்."

பாய் ஒப்பிச்சாரு. எல்லாம் சொன்னாரு, ஊர் பேரை விட்டுட்டாரு. "ஊரைச் சொல்லாட்டி ஆம்புலன்ஸ் எங்கய்யா வரும், ஆகாசத்துக்கா?"ன்னு ஒரு சத்தம் போட்டேன். மறுபடி சொல்ல வச்சேன். இன்னொரு தடவையும் சொல்ல வச்சேன். வாய்ச் சொல்லா ஒரு சேதியக் குடுத்து விட்டா, அது திரும்பி உங்க காதுக்கு முழுசா வந்த பெறகுதான் ஆளை அனுப்பணும். அவங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

பாய் கோவிச்சுக்கல. வண்டியக் கிளப்பிட்டு, "அக்கா, வாய்க்கால் பாலத்துக்கிட்ட புளியமரம் ஒண்ணு சாஞ்சு நிக்குது. நான் வரும்போதே முறுக்குன்னு சத்தம் கேட்டுச்சு. பாத்துப் போங்க"ன்னுட்டுப் போனாரு.

நான் போறதுக்குள்ள அந்தப் புளியமரம் ரோட்டுக்குக் குறுக்க படுத்திருச்சு. பாலத்து டீக்கடையில இருந்து அஞ்சாறு பேரு வந்து சுத்தி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருக்காங்க. டவர் இல்லாட்டியும் போட்டோ எடுக்கும்ல!

"ஏலே அப்பு, படம் பிடிச்சது போதும். அரிவாளும் கோடாலியும் எடுத்தாங்க, மரத்தை வெட்டி ஒதுக்குங்க. ஆம்புலன்ஸ் வருது."

"ஆம்புலன்ஸ் வருதாக்கா? யாருக்கு?"

"கரட்டூர் முத்துலட்சுமிக்கு. வந்துக்கிட்டே இருக்கு."

வருதுன்னு எனக்கு யாரு சொன்னா? ஒருத்தரும் சொல்லல. ஆனா 'வந்தாலும் வரும்'னு சொன்னா எவன் கோடாலிய எடுப்பான்? வருதுன்னு சொன்னதும் ரெண்டு பேரு அரிவாள் எடுக்க ஓடினாங்க, மத்தவங்க என் வண்டியத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வச்சாங்க.

கரட்டூர்ல வீட்டு வாசல்லயே பேச்சியம்மா நின்னுச்சு. என்னைப் பாத்ததும், "வந்துட்டியா தாயி! நேத்து பொழுது சாயவே தலை வலிக்குதுன்னா. உனக்குப் போன் போட்டுப் போட்டுப் பாக்குறோம். இந்தா வந்துரும், இந்தா வந்துரும்னு உக்காந்திருக்கோம்"னுச்சு. கையில போன் அப்படியே இருக்கு. கீழ வச்ச மாதிரியே தெரியல.

உள்ள முத்துலட்சுமி சுவத்துப் பக்கமா திரும்பிப் படுத்திருந்தா. முகமெல்லாம் உப்பிப் போச்சு. "எப்படிடி இருக்க?"ன்னேன். "நல்லாருக்கேன்க்கா"ன்னா. பழக்கதோஷம்! பெறகு மெதுவா, "கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியா பறக்குதுக்கா. உங்க முகம் சரியாத் தெரியல"ன்னா. பிரஷரைப் பாத்தேன். எம்புட்டுன்னு சொல்ல மாட்டேன், இன்னொரு தடவை பாக்க வேண்டிய அவசியமே இல்ல. போட வேண்டிய ஊசியப் போட்டு, "ஆத்தா, கிளம்புங்க, பெரியாஸ்பத்திரிக்கு"ன்னேன்.

பேச்சியம்மா நகரல. "அவன்ட்ட ஒரு வார்த்தை கேக்காமயா? வயித்தக் கிழிச்சிருவாங்களேம்மா. போன் வரட்டும். என் மகன் சரின்னு சொல்லட்டும், கூட்டிட்டுப் போ."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அந்நேரம் அது கையில இருந்த போனைப் பாத்தேன். அந்தப் பொம்பளை பொல்லாதது இல்ல. மகன் ஊர்ல இல்லாத நேரத்துல மருமகளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா ஊரு யாரைப் பேசும்னு அதுக்கு நல்லாத் தெரியும். அது கேட்டது மகனோட சம்மதம் இல்ல பிள்ளைகளா, பழியத் தாங்கிக்க இன்னொரு தோளு. அதை மகன்தான் குடுக்கணும்னு இல்லையே.

போனோட சேத்து அது கையப் பிடிச்சேன். "ஆத்தா, உங்க மகன்ட்ட நான் பேசுறேன். யாரைக் கேட்டுக் கூட்டிட்டுப் போனீங்கன்னு கேட்டா, நர்ஸுதான் இழுத்துட்டுப் போச்சுன்னு சொல்லுங்க. நல்லது நடந்தா அது உங்க புண்ணியம். கெட்டது நடந்தா என் தலையில போடுங்க, நான் ஏத்துக்கிறேன்."

பேச்சியம்மா நிமிந்து பாத்துச்சு. "நிசமா நீ பொறுப்பா?"

"நான்தான் பொறுப்பு."

போனை இடுப்புல சொருகிக்கிச்சு. "அப்ப இரு, நல்ல சேலையா மாத்திட்டு வந்துர்றேன்."

"அட, சேலை இருக்கட்டும் ஆத்தா, நடங்க!"

பக்கத்து வீட்டுத் தம்பி லோடு ஆட்டோ வச்சிருந்தான். அதுல மெத்தையப் போட்டு முத்துலட்சுமிய ஒருக்களிச்சுப் படுக்க வச்சோம். "ஆம்புலன்ஸ் வருதுன்னீங்களே, இருந்து பாப்போமே"ன்னான் அவன். இருக்கலாம்தான். பாய் போன் போட்டாரா, லைன் கெடச்சுச்சா, வண்டி கிளம்புச்சா, ஒண்ணுமே எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும். கரட்டூருக்கு இருக்கிறது ஒத்த ரோடு. ஆம்புலன்ஸ் வந்தாலும் அதுலதான் வரணும், நாம போனாலும் அதுலதான் போகணும். வந்தா வழியில முட்டிக்குவோம், வராட்டி இதுலயே திண்டுக்கல் போய்ச் சேருவோம். உக்காந்து காத்திருந்தா ரெண்டும் இல்ல. "எடுடா வண்டிய"ன்னேன்.

போற வழியில முத்துலட்சுமி என் கைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. "அக்கா, நான் செத்துருவனா?"ன்னு கேட்டா.

இம்புட்டு நாள்ல அவளா என்கிட்ட கேட்ட முதல் கேள்வி அதுதான். "பேசாத கழுதை பேசுறதப் பாரு! வாய மூடிக்கிட்டுப் படுடி"ன்னு வஞ்சேன். வையாட்டி அழுதிருப்பேன்.

பாலத்துக்கிட்ட வந்தா மரம் இன்னும் கெடக்கு. கிளையெல்லாம் கழிச்சுட்டாங்க, அடிமரம் மட்டும் அசையல. ஆட்டோ நின்னுருச்சு. நான் எந்திரிச்சு நின்னு எட்டிப் பாத்தேன். மரத்துக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ்! அதுக்கு முன்னாடி சிக்கந்தர் பாயோட பூ வண்டி! பாய் அடிமரத்து மேல ஏறி நின்னு ரெண்டு கையையும் ஆட்டுறாரு. நான் கத்தின கத்துல டீக்கடைக்காரரு டம்ளரைக் கீழ போட்டுட்டாரு.

"பாய், நீங்க எங்க இங்க? பூவை என்ன பண்ணீங்க?"

"பின்னாலயே வத்தலக்குண்டு பூ வண்டி வந்துச்சுக்கா, அதுல ஏத்திவிட்டுட்டேன். ஆம்புலன்ஸ் டிரைவரு இந்தப் பக்கத்துக்குப் புதுசாம். போன்ல மேப்பு போட்டு வந்திருவேன்னாரு. இந்த எல்லைக்குள்ள வந்தா அந்த மேப்பும் செத்துரும்ல? உங்களுக்குப் போன் போட்டு வழி கேக்கவும் முடியாது. அதான் அங்கயே நின்னு கூட்டிக்கிட்டு நானே முன்னாடி வந்துட்டேன்."

நான் அவருக்குச் சொல்லிக் குடுத்த சேதியில இது கிடையாது பிள்ளைகளா. எனக்கே தோணாதது அவருக்குத் தோணியிருக்கு. அந்த இடத்துலயே கையெடுத்துக் கும்பிட்டேன். "அட, நடங்கக்கா, அல்லா இருக்கான்"னாரு.

ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் மரத்துக்கு இந்தப் பக்கம் வந்துச்சு. முத்துலட்சுமிய அதுல படுக்க வச்சு, இந்தப் பக்கத்துக் கை தூக்கிக் குடுக்க, அந்தப் பக்கத்துக் கை வாங்கிக்கிச்சு. எங்க ஊர்ச் சாமிச் சப்பரத்தைக்கூட அம்புட்டுப் பதனமாத் தூக்கி நான் பாத்ததில்ல. பேச்சியம்மா சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, ஒருத்தரையும் தொட விடாம தானே மரத்தைத் தாண்டி ஏறி உக்காந்துக்கிச்சு.

அன்னைக்கே ஆபரேஷன். பொம்பளைப் பிள்ளை. எட்டு வீட்டுக்குக் கேக்கிற மாதிரி வீல்லுன்னு அழுதுச்சு. அழு தாயி, நல்லா அழுன்னு வராண்டாவுல நின்னு நானும் அழுதேன். தாய்க்குத்தான் சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. இருட்டுறதுக்கு முன்னாடி கண்ணைத் திறந்தா. கிட்டப் போய், "இப்ப கண்ணு தெரியுதாடி?"ன்னு கேட்டேன்.

என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தா. "தெரியுதுக்கா. ஒரு கால்ல உங்க செருப்பு, இன்னொரு கால்ல அண்ணன் செருப்பு."

குனிஞ்சு பாத்தா நிசம்தான்! நாள் பூரா அப்படியேதான் திரிஞ்சிருக்கேன். வார்டே சிரிச்சுச்சு. அப்ப எங்க வீட்டுக்காரரு எந்தச் செருப்போட குளத்துப்பட்டிக்குப் போனாருன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

பார்வதிய மறந்துட்டேன்னு நினைக்காதீங்க. அதே ஆஸ்பத்திரி வராண்டாவுல அவங்கம்மா என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. "என்ன சிஸ்டர், எத்தனை போன் போடுறது? எடுக்கவே மாட்டேங்கறீங்களே!" லேசா வலி எடுத்ததுமே சித்தப்பன் டிராக்டர்ல ஏறி வந்து சேந்து, சுகப்பிரசவமாகி, பையனையும் பெத்துட்டு உக்காந்திருக்கா மகராசி. எங்க வீட்டுக்காரரு அங்க பூட்டின வீட்டு வாசல்ல ஒத்தைச் செருப்பு மாறிப் போட்டுக்கிட்டு நின்னு காவல் காத்திருக்காரு.

டவர் எடுத்த இடமாச்சே, என் போனும் டவுனுக்கு வந்ததும் உசுரு பெத்து, கூப்பிட்டவங்க நம்பரையெல்லாம் வரிசையாக் காட்டுச்சு. எல்லாம் பார்வதி வீட்டு நம்பர். பேச்சியம்மா ராத்திரி பூரா போட்டதுல ஒண்ணுகூட இல்ல, டவர் இல்லாம அது போன்லயே நின்னு போச்சு. திருப்பூருக்குப் போன் போட்டு, சொன்ன சொல்லுப்படி, "தம்பி, உன்னைக் கேக்காம நான்தான் கூட்டிட்டு வந்தேன்"ன்னேன். அந்தப் பையன் "என்னைய எதுக்குக்கா கேக்கணும்?"னு உடைஞ்சு அழுதுட்டான்.

மறுநாளே ஊர் ஊரா போனேன். அதுவரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்ததை மாத்தினேன். 'தலைவலின்னா போன் பண்ணு' இல்ல. 'தலைவலின்னா கிளம்பு. கிளம்பிட்டுப் போன் பண்ணு. போன் எடுக்கலைன்னா நிக்காத, போய்க்கிட்டே இரு.' நீங்களும் நாளைக்கு உங்க ஊர்களுக்குப் போறப்போ இதை இப்படியே சொல்லுங்க. கூடவே, அந்த ஊருக்குள்ள தினமும் முதல்ல போயிட்டு வாரது யாருன்னு பாத்து அவங்களைச் சினேகம் பிடிச்சுக்கோங்க. பூ வண்டியோ பால் வண்டியோ, யாரு வீட்டுல என்ன வழக்கம், இன்னைக்கு எது தப்பிப் போச்சுன்னு அவங்களுக்குத் தெரியும்.

முத்துலட்சுமி ஆஸ்பத்திரியில இருந்து வீடு திரும்பிக் கொஞ்ச நாள் ஆகியிருக்கும். ஒரு காலையில என் போன் அடிக்குது. பாத்தா அவ நம்பர். எனக்கு உசுரே இல்ல. "என்னடி? தலைவலியா? பிள்ளைக்கு என்ன?"ன்னு கத்துறேன்.

"ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான் கூப்பிட்டேன்"ன்னா. பின்னாடி பேச்சியம்மா ஏதோ சொல்ற சத்தம் கேட்டுச்சு. "பாய் வண்டியில பூ போயிருச்சுன்னு அத்தை சொல்லச் சொன்னாங்க"ன்னா.

நான் ரிட்டயர் ஆகி வீட்ல உக்காந்தாச்சு. அந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகுது. இன்னமும் சில நாள் காலையில அந்தப் போன் வரும். நான் அடுப்படியில இருந்தா எங்க வீட்டுக்காரரு எடுத்து, "விக்கலா, பலாப்பழமா?"ம்பாரு. "ரெண்டும் இல்லண்ணே, பூ போயிருச்சுன்னு அக்காட்ட சொல்லிருங்க"ம்பா. அவரு அங்க இருந்தே எனக்குக் குரல் குடுப்பாரு. நான் வந்து நிம்மதியா உக்காந்து காபியக் குடிப்பேன்.